எஸ்தர் லீவில் இருந்த மூன்று நாட்கள்

புதிதாகக் கிளை மேலாளர் ஆகியிருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி பயிற்சிப் பிரிவிலிருந்து கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘திறமையான ஊழியர்களைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி?’ கூடவே ஒரு வேண்டுகோள். “கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும் சார்” என்றார் அங்கிருந்து பேசிய பெண். இருக்காது. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், இனி என்னை யாரும் எங்கும் மாற்றல் செய்ய முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கள் மண்டலத் தலைவரிடம் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை.

விழுப்புரம் வட்டார அலுவலகத்துக்கு நான் மேலாளராக இருந்தேன். வீடு கட்ட, கடை வைக்க, சின்னதாகத் தொழில் நடத்தக் கடன் கொடுக்கும் நிறுவனம் நம்முடையது என்பது உங்களுக்குத் தெரியும். கடன் கேட்டு வருபவரால் அதைத் தாங்க முடியுமா என்று அலசிச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு அந்த ஆள் எஸ்தர். ஊர் திண்டிவனம், விழுப்புரத்திலிருந்து பேருந்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்து அவரைப் படிக்க வைத்தார்கள்.

எஸ்தர் எப்படி வேலை செய்வார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பொம்மையார்பாளையத்தில் கடற்கரையை ஒட்டி விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு அம்மா, இன்னும் ஒரு மாடி எழுப்பக் கடன் கேட்டார். அறைகள் வருஷம் முழுக்க நிரம்பி வழிவதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். ஆடிட்டர் முத்திரை எல்லாம் பளிச்சென்று இருந்தது. எஸ்தர் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, ஊர்க்கதை பேசுவதுபோல், “பெட்ஷீட்டெல்லாம் யாருகிட்டக்கா துவைக்கப் போடறீங்க? மழைக்காலத்துல எப்புடிக் காய வைக்கறீங்க?” என்று கேட்டார். துவைக்கப் போகும் விரிப்புகளின் எண்ணிக்கையை வைத்தே, பேச்சு முடிந்தபோது பாதி அறைகள் சும்மா கிடக்கின்றன என்பது தெரிந்துவிட்டது. கடனை மறுக்கவில்லை, மாடிக்குப் பதில் இருக்கும் அறைகளைச் சீர்படுத்தும் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மா முதலில் திட்டினார். பிறகு அவரே தன் தங்கையையும் எங்களிடம் கடன் வாங்க அனுப்பிவைத்தார்.

கொரோனா முடிந்து அலுவலகங்கள் திறந்தபோது நம் நிறுவனத்தில் ஹைபிரிட் முறை வந்தது. வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு. எஸ்தர் வீட்டிலிருந்து செய்த நாட்களில்தான் அவருடைய மிகச் சிறந்த அறிக்கைகள் வந்தன. எங்கள் அலுவலகத்தில் அவருடைய மேஜைக்கு இரண்டடி தள்ளி நகைக்கடன் கவுன்ட்டர். அங்கே எப்போதும் சந்தைக்கடை இரைச்சல். கணக்குகளை அலசும் ஆளுக்கு அமைதி வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் புது மண்டலத் தலைவர் வந்து ஏறினார். சென்னையில் இருப்பவர். பெயர் வேண்டாம், நாங்கள் அவரை மண்டலம் என்றே சொல்வோம். வந்த முதல் வாரமே, வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் மணிக்கு ஒரு தடவை லேப்டாப்போடு செல்ஃபி எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும் என்றார். வீடியோ கூட்டத்தில் கேமராவை அணைக்கக் கூடாது என்றார். ஒரு கூட்டத்தில் எஸ்தரைப் பார்த்து, “பின்னாடி என்னம்மா அது மூட்டை மூட்டையா? புரொஃபஷனலா இல்லையே” என்று கேட்டார்.

“மல்லாட்டை சார். எங்கண்ணன் குத்தகைக்கு எடுத்து வெளைய வச்சது. வேணும்னா ஒரு மூட்டை அனுப்பிவைக்கறேன் சார்” என்றார் எஸ்தர்.

வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எல்லோரும் சிரித்தோம். மண்டலம் சிரிக்கவில்லை. 

அடுத்த மாதமே வீட்டு வேலை ரத்து. எல்லோரும் ஆறு நாளும் அலுவலகம் வர வேண்டும். விதிவிலக்கு வேண்டுமென்றால் மனிதவளப் பிரிவிடம் காரணம் சொல்லி விண்ணப்பிக்கலாம். அவர்கள் ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் என்ன தெரியுமா? கர்ப்பம், நோய், வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது. அவ்வளவுதான். நான் எஸ்தருக்காகப் பேசப் போனபோது அங்கிருந்த அதிகாரி, “அவங்க வீட்ல என்ன சார் பிரச்சினை?” என்று கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை, வேலை நன்றாக நடக்கிறது என்றேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. “அப்ப எதுக்கு சார் வீடு?” என்றார்.

அலுவலகத்தில் சிலர் எஸ்தருக்கு வழி சொல்லிக்கொடுத்தார்கள். மாமியாருக்குப் பக்கவாதம் என்று எழுது, திண்டிவனத்தில் தெரிந்த டாக்டர் சீட்டுக் கொடுப்பார் என்றார்கள். எஸ்தர் என்னிடம் வந்து சொன்னார்: “சார், எங்க மாமியாரு கல்லாட்டம் இருக்காங்க. காலையில எனக்கு முன்னாடி எழுந்து வாசலத் தெளிச்சுட்டு நிக்கறாங்க. அவங்கள நான் ஏன் சார் படுக்க வைக்கணும்? எனக்கு வீட்ல ஒரு கஷ்டமும் இல்ல. வேல நல்லா ஓடுது, அவ்ளோதான். அத எழுதிக் குடுக்கறேன்.” அப்படியே எழுதிக் கொடுத்தார். அப்படியே நிராகரித்தார்கள்.

கோபம் வருகிறதா? இருங்கள், இன்னும் இருக்கிறது. வருகைப் பதிவுக்கு ஒரு செயலியை இறக்கினார்கள். கைப்பேசி எங்கே இருக்கிறது என்று அது பார்க்கும். விழுப்புரம் அலுவலக வாசலில் நின்று அமுக்கினால்தான் வந்ததாகக் கணக்கு. போகும்போதும் அங்கேயே வந்து அமுக்க வேண்டும். ஒருநாள் எஸ்தர் மேல்சித்தாமூர் பக்கம் ஒரு வீட்டை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டியிருந்தது. திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பேருந்தில் ஏறினால் முடிந்தது. ஆனால் அவர் காலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்தார், வாசலில் அமுக்கினார், மறுபடி திண்டிவனம் போனார், அங்கிருந்து மேல்சித்தாமூர் போய் வீட்டைப் பார்த்தார், திரும்பத் திண்டிவனம் வழியாக விழுப்புரம் வந்து அமுக்கினார், அதன் பிறகு வீட்டுக்குத் திண்டிவனம் போனார். வழியிலுள்ள விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்காரர்களுக்கே அவர் முகம் பாடமாகியிருக்கும். அந்த நாளில் அவரால் வேறு ஒரு கடன் கோப்பைக்கூடத் தொட முடியவில்லை.

திண்டிவனத்தில் நமக்கு ஒரு சின்னக் கிளை இருக்கிறது, அங்கே ஒரு மேஜை காலியாகக் கிடக்கிறது, அங்காவது அவரை உட்கார விடுங்கள் என்று மண்டலத்திடம் கேட்டேன். “அவங்க மேப்பிங் விழுப்புரம் சார், சிஸ்டத்துல அவங்க எடம் அதான். ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க” என்றார். கேட்டால் என்ன என்று நான் கேட்டதும் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இந்த ‘எல்லாரும் கேப்பாங்க’ என்ற வாக்கியத்தை நீங்களும் கேட்பீர்கள், ஒருநாள் உங்கள் வாயிலிருந்தும் அது வரும். வந்தால் வாயைக் கழுவிக்கொள்ளுங்கள்.

அந்த வருஷக் கடைசியில் மழை வந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விழுப்புரத்தில் எங்கள் அலுவலகத்தின் தரைத்தளத்துக்குள் தண்ணீர். மின்சாரம் இல்லை. விக்கிரவாண்டிப் பக்கம் நெடுஞ்சாலையின் மேல் ஆறு போனது. ரயிலும் நின்றுபோனது. யாரும் எங்கும் போக முடியவில்லை. எஸ்தர் வீட்டில் மின்சாரம் வந்துவந்து போனது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். நான் விழுப்புரத்தில் என் வீட்டு மாடியில் இருந்தேன்.

மழையின் முதல் நாள் மத்தியானம் எஸ்தர் கூப்பிட்டார். “சார், இன்னிக்கு சாயங்காலம் தவணைப் பட்டியல் பாங்குக்குப் போயிடும். நாளைக்கு எல்லாரு அக்கவுன்ட்லேருந்தும் தானா புடிச்சுக்கும். தண்ணி புகுந்த ஊருக்காரங்கள மட்டும் நாம நிறுத்தணும் சார்.”

“நிறுத்தலைன்னா?”

“பணம் இருக்காது, ரிட்டர்ன் ஆகும். அபராதம் போடுவான். அது கூடப் பரவால்ல சார். அவங்க பேரு கெட்டுப் போயிடும். நாளைக்கு வூட்ட ரிப்பேரு பண்ணக் கடன் கேட்டா ஒருத்தனும் தரமாட்டான். இப்பதான் மரக்காணத்துல ஒருத்தர் பேசினாரு. மீன்புடி போட்டுக்குள்ள உக்காந்துக்கினு பேசறாரு சார், வூட்டுக்குள்ள நிக்க முடியல.”

இப்படி நிறுத்திவைக்க மண்டலத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. கூப்பிட்டேன். “வெயிட் பண்ணுங்க, ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்” என்றார். காத்திருந்தேன். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸப்பில் செய்தி போட்டேன், பார்த்ததற்கான நீலக்குறி மட்டும் வந்தது. சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. விதிப்படி நான் சும்மா இருந்திருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எஸ்தரைக் கூப்பிட்டு, “நிறுத்தும்மா. நான் சொன்னேன்னு போட்டு நிறுத்து. எந்தெந்த ஊர்னு உனக்குத்தான் தெரியும், என்னைக் கேட்டுக்கினு இருக்காத” என்றேன்.

“சரிங்க சார். ஆனா தண்ணி வராத ஊர நிறுத்த மாட்டேன் சார், அது தப்பு” என்றார். அந்த நெருக்கடியிலும் அவருக்கு அந்தத் தெளிவு இருந்தது. அவரும், அவரைப்போலவே தங்கள் வீடுகளில் மாட்டிக்கொண்ட வேறு இரண்டு ஊழியர்களும் சேர்ந்து ஊர் ஊராகப் போன் போட்டு விசாரித்து, தண்ணீர் புகுந்தவர்களை மட்டும் பிரித்து நிறுத்தினார்கள். அடுத்த இரண்டு நாளும் காப்பீட்டுக்கு என்ன படம் எடுக்க வேண்டும், எதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எஸ்தருக்குத் தொண்டை கட்டிப்போய்ப் பேச்சே வரவில்லை.

தலைமை அலுவலகம் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அதையே செய்யச் சொன்னது. என் மண்டலத்தில் முன்கூட்டியே செய்துவிட்டோம் என்று மண்டலம் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிப் பாராட்டு வாங்கினார். வாங்கிக்கொள்ளட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றில்.

மாதக் கடைசியில் வருகைப் பதிவு வந்தது. எஸ்தருக்கு மூன்று நாள் லீவு. மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே. வாசலில் அமுக்கவில்லை அல்லவா! சம்பளத்திலும் பிடித்துவிட்டார்கள். அதே வாரம் மண்டலம் குழுவில் ஒரு படத்தைப் போட்டுக் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பியிருந்தார். அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் நகைக்கடன் கவுன்ட்டர் குமரவேல், பேன்ட்டைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் அலுவலக வாசலில் நிற்கும் படம். ‘இதுதான் அர்ப்பணிப்பு’ என்று தலைப்பு வேறு.

குமரவேல் நல்ல பையன். அவனே என்னிடம் வந்து புலம்பினான். “சார், பேஜாராப் போச்சு சார். லீவு போட்டுருவாங்களேன்னு பயந்துக்கினு வந்து அமுக்கினேன். உள்ள கரண்ட் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. சாயங்காலம் வரைக்கும் மாடிப்படியில குந்திக்கினு இருந்தேன். நான் ஒண்ணுமே பண்ணல சார். எஸ்தர் அக்கா மொகத்தப் பாக்கவே ஒரு மாதிரி கீது.”

மாடிப்படியில் குந்தியிருந்தவருக்குக் கைதட்டல், தொண்டை கட்டும்வரை வேலை செய்தவருக்கு லீவு. இதை நான் மண்டலத்திடம் கத்தினேன். ஆமாம், கத்தினேன். அத்தனை வருஷ உத்தியோகத்தில் மேலதிகாரியிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். “சிஸ்டத்துல ஏறிடுச்சு சார். நான் கையால மாத்தினா ஆடிட்ல கேப்பாங்க” என்றார் நிதானமாக. அப்போது நான் செய்திருக்கக்கூடிய காரியத்தை இங்கே எழுத முடியாது.

இதற்கு நடுவில் வேறு நிறுவனங்கள் நம் ஆட்களைக் கொத்திக்கொண்டு போகின்றன என்று தலைமை அலுவலகத்துக்குப் பயம் வந்துவிட்டது. உடனே எல்லா மண்டலங்களிலும் திறமையாளர்களைக் கௌரவிக்கும் விழா என்றார்கள். எங்களுக்கு விழுப்புரத்தில் ஒரு திருமண மண்டபம். மண்டலத்தின் சிறந்த கடன் ஆய்வாளர் எஸ்தர். பொன்னாடை, கேடயம், பக்கத்தில் நின்று போட்டோ. போர்த்திவிட்டு மண்டலம் பெருந்தன்மையோடு மைக்கை நீட்டினார். “ரெண்டு வார்த்தை பேசும்மா.”

எஸ்தர் ஒரு வார்த்தைகூட அதிகமாகப் பேசவில்லை. “நன்றிங்க சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மழை பேஞ்ச அந்த மூணு நாளு நான் வேலையில இருந்தேனா, லீவுல இருந்தேனா?”

மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. மண்டலம் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘நீ வேலையிலதாம்மா இருந்த, தப்பு எங்க மேல’ என்று சொன்னால் எந்த ஆடிட்டர் வந்து அவர் கையைப் பிடிக்கப்போகிறார்? அவரோ சிரித்து மழுப்பினார். “அதெல்லாம் சிஸ்டம் பாக்கற விஷயம்மா. தனியாப் பேசிக்கலாம்.” எஸ்தர் தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். 

அடுத்த வேலைநாளில் ராஜினாமா கொடுத்தார். அதற்குப் பிறகு பாருங்கள் நம் ஆட்களின் பதற்றத்தை. சம்பள உயர்வு, பதவி உயர்வு, என்ன வேண்டும் சொல்லுங்கள் என்று தினமும் போன். வெளியே போகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஓர் ஆள் உள்ளே இருந்தது இவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. எஸ்தர் எதையும் கேட்கவில்லை. மண்டபத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லுங்கள் என்றார். அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் தரத் தயாராக இருந்தார்கள். நான் என் பங்குக்கு, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாரேன் என்று கேட்டேன்.

“பொறுத்துக்குவேன் சார். எனக்கு அலையறது பெருசில்ல. நான் செஞ்ச வேலைய வேலையே இல்லன்னு எழுதிட்டாங்க சார். அத வச்சுக்கினு எப்புடி சார் காலையில கெளம்பி வர்றது?” என்றார்.  

விலகும் காரணத்தை அறிய மனிதவளப் பிரிவு ஒரு நேர்காணல் வைக்கும். அதற்கும் விழுப்புரத்துக்கு நேரில்தான் வர வேண்டும் என்று அவருக்கு மின்னஞ்சல் போனது. இதையெல்லாம் நான் கற்பனை செய்து எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இவ்வளவு கற்பனை எனக்குக் கிடையாது.

எஸ்தர் போன பிறகு கோப்புகள் மலையாகக் குவிந்தன. புதிதாக எடுத்த இரண்டு பேரும் நிற்கவில்லை. அவசரத்துக்குச் சென்னையில் இருக்கும் ஒரு வெளி நிறுவனத்திடம் கடன் ஆய்வு வேலையை ஒப்படைத்தார்கள். நாம் எஸ்தருக்குக் கொடுத்த சம்பளத்தைவிட அது கணிசமாக அதிகம். முதல் வார அறிக்கைகள் வந்ததும் நான் ஒன்றை எடுத்துப் படித்தேன். கோட்டக்குப்பம் பக்கத்தில் ஓர் உணவகம். சமையல் எரிவாயு உருளை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று விசாரித்து எழுதியிருந்தது. எழுதியவர் யாரென்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்றைக்கே போன் போட்டேன். ஆமாம் சார், திண்டிவனம் வீட்டிலிருந்துதான் சார், அவர்கள் எங்கே உட்காருகிறாய் என்று இதுவரை கேட்கவேயில்லை சார் என்று சிரித்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு மண்டலம் ஆய்வுக்காக விழுப்புரம் வந்தார். அந்த அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன குவாலிட்டி சார்! யாரு இது?” என்று கேட்டார்.

“நம்ம எஸ்தர்தான் சார்.”

அறிக்கையைக் கீழே வைத்தார். முகம் மாறியது. மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்றே நினைத்தேன். “போன் போடுங்க, நானே பேசறேன். திரும்ப நம்மகிட்டயே வந்துடச் சொல்லலாம்” என்றார். போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தேன். அவரே பேசினார். பழையதை மறந்துவிடும்மா, அந்த வெளி நிறுவனம் தருவதைவிடக் கூடவே தருகிறோம், வந்துவிடு என்றார்.

எஸ்தர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “ரொம்ப சந்தோஷம் சார். ஆபீஸுக்கு எத்தினி நாளு வரணுங்க சார்?”

“ஆறு நாள்தாம்மா. ரூல் இன்னும் மாறலையே.”

 “சரிங்க சார். பொம்மையார்பாளையம் ரிப்போர்ட் ஒண்ணு கையில இருக்குது, முடிச்சு அனுப்பிடறேன். வச்சுடட்டுங்களா சார்?” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சொன்னபடி நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அறிக்கை வந்துவிட்டது.

மண்டலம் அதைத் திறந்து படித்தார். தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். பிறகு பெருமூச்சு விட்டு என்னிடம் சொன்னார்: “இந்த மாதிரி ஆளுங்க ஏன் சார் நம்மகிட்ட தங்கவே மாட்டேங்கறாங்க?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். அந்த ஆள் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.